காலி ரிவால்வர்

என் ரிவால்வரை மதித்த ஆள் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஒருவர்தான் இருந்தார். அது நான். மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் பெரிய பெயருள்ள துப்பாக்கிகள். அவற்றின் விலையைச் சொன்னால் என் மனைவி என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பாள். நான் வாங்கியது இன்னொருவர் பல வருடம் வைத்திருந்து அலுத்துப்போய் விற்றது. சின்ன உடம்பு, நாலங்குலக் குழல், பாயிண்ட் டூ டூ தோட்டா எட்டு போடலாம். கைப்பிடி மரம் போலத் தெரியும், ஆனால் மரமில்லை. ட்ரிக்கரை இழுப்பதற்குள் குறி இடம் மாறிவிடும்.

அன்றைக்கு ரேஞ்சில், அதாவது சுடும் திடலில், மேற்பார்வைக்கு நின்றவள் என் வயதுக்காரி, பிளம்பர் வேலை செய்பவள். அதை வாங்கி இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதை இழுக்கத் துணைக்கு ஒரு ஆள் கூட்டி வா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இதைச் சரிசெய்து இவள் கையிலேயே கொடுத்துச் சுடச் சொல்கிறேன் பார் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டேன்.

அந்தச் சபதத்தால் நான் இழந்தது ஒரு நண்பரை. ரிவால்வரைப் பற்றிச் சொல்வதாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் மென்பொருள் சோதிப்பவன். அடுத்தவர் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடிப்பது இருபது வருடமாக என் பிழைப்பு. நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஊருக்குத் தெற்கே புக்கெகோஹியில் காய்கறி பொதி செய்யும் இடத்தில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர். மனுகாவில் ஒரு மண்டபத்தில் நடந்த புத்தாண்டு விருந்தில், சாப்பாட்டு வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றபோது பழக்கம். அவருக்கு வெங்காயத்தில் அழுகல், எனக்கு நிரலில் பிழை; இரண்டு பேருக்கும் குறை சொல்லித்தான் சோறு. அதனால் ஒட்டிக்கொண்டோம். ஒன்பது வருடம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது நாங்கள் அங்கே போவோம், அல்லது அவர்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வரும்போது அரை மூட்டை வெங்காயம் வராமல் இருந்ததில்லை. என்னை அவர் அண்ணை என்பார். அவர் மனைவியும் அப்படியே. மழலையர் பள்ளி ஒன்றில் வேலை செய்யும் அவர் அதிகம் பேசமாட்டார். என் மனைவியோடு சமையலறையில் நின்று தாழ்ந்த குரலில் கதைப்பது மட்டும் கேட்கும்.

கைத்துப்பாக்கிக்கு நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் அனுமதி வாங்குவது எளிதல்ல. கிளப்பில் மாதக்கணக்கில் ஒழுங்காக வந்து போக வேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டியைச் சுவரோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். பிறகு போலீஸார் நம்மைப் பற்றி விசாரிப்பார்கள். மனைவியைக் கேட்பார்கள், உறவில்லாத, நம்மை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் கேட்பார்கள். அந்த ஒருவராக வேறு யாரை நான் யோசிப்பேன்? நண்பருக்குப் போன் செய்தேன்.

"இது கட்டாயம் வேணுமோ அண்ணை?" என்றார்.

"அட, ஒரு விளையாட்டுதாங்க. சில பேர் கோல்ஃப் ஆடுறாங்க, நான் இதை ஆடுறேன்."

மறுமுனையில் சத்தமில்லை. லைன் போய்விட்டதென்று நினைத்து இரண்டு முறை ஹலோ என்றேன்.

"ஓம்" என்றார். "என்ர பேரைப் போடுங்கோ. என்ர வேலை நம்பரையே குடுங்கோ, வீட்டு நம்பர் வேண்டாம்."

குற்றம் கண்டுபிடிப்பதே தொழிலாக உள்ளவன் அந்த மௌனத்தைச் சிக்னல் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டு நம்பர் ஏன் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

அனுமதி வந்தது, ரிவால்வர் வந்தது. பிளம்பர் அம்மாளின் கிண்டலும் வந்தது. அதன்பிறகு ஐந்தாறு மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. முதலில் கைப்பிடியை மாற்றினேன். ரப்பர் பிடி, வாங்கும்போதே என் கைக்கென்று செய்தது போல உட்கார்ந்தது. குழல் நுனியில் இருக்கும் முன்குறி கறுப்பாக இருந்ததால் இலக்கின் கறுப்பு வட்டத்தில் தொலைந்துபோனது. மனைவியின் நகப்பூச்சில் ஆரஞ்சு நிறத்தைத் திருடி அதன்மேல் ஒரு சொட்டு வைத்தேன். வட்டத்தின் நடுவில் குறி இப்போது பளிச்சென்று நின்றது. "அது கல்யாணத்துக்குப் போட வைச்சிருந்ததுங்க" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

கஷ்டமானது ட்ரிக்கர்தான். உள்ளே உரசுகிற இடங்களை நுண்கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். ஒரே நாளில் அல்ல, பல வார இறுதிகளில். கொஞ்சம் தேய்ப்பது, துடைப்பது, மூடுவது, இழுத்துப் பார்ப்பது. இந்த ரகத் துப்பாக்கியைத் தோட்டா இல்லாத வெறும் அறையோடு சொடுக்கினால், தோட்டாவைக் குத்தும் ஊசி கெட்டுப்போகும் என்பார்கள். அதற்கென்று விற்கும் போலித் தோட்டாவை வாங்க எனக்கு மனம் வரவில்லை. சுவரில் திருகாணி முடுக்க முதலில் செருகுவோமே, மஞ்சள் பிளாஸ்டிக், அது இந்த அறைகளில் அளவெடுத்தது போலப் பொருந்தும். எட்டையும் அதனால் அடைத்துவிட்டுச் சொடுக்கிக்கொண்டே இருப்பேன். முதலில் கரகரவென்று வந்து பொத்தென்று விழும். பிறகு கரகரப்பு குறைந்தது. கடைசியில் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்து, முடிவில் ஒரு சுத்தமான டிக். அந்த டிக்கைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று இப்போது சொல்லவே கூசுகிறது. வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போதே காதில் அது கேட்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடுமா? தோட்டாவை அடிக்கும் சுத்தியலின் சுருள்வில்லையும் இலேசானதாக மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை ரேஞ்சில் மணல்மூட்டை மேல் கையை ஊன்றி, பத்து மீட்டரில் வைத்துச் சோதித்தேன். முதல் எட்டில் மூன்று வெடிக்கவில்லை. சுத்தியல் விழுந்தது, தோட்டாவின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். வெடிக்காத தோட்டா என்றால் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்தபடி நிற்க வேண்டும், தாமதமாக வெடித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் நான் சிலைபோல நின்றேன். பிளம்பர் அம்மாள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்பு சுடக் கஷ்டமாக இருந்தது, இப்போது சுடவே இல்லை. நல்ல முன்னேற்றம்" என்றாள்.

விட்டேனா? வேறு வில், வேறு தோட்டா, மறுபடி வேறு வில். எத்தனை சுட்டேன், எத்தனை வெடிக்கவில்லை, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கம் என்று அலுவலகத்தில் எழுதுவது போலவே சோதனைக் குறிப்பு எழுதினேன். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை நூறு தோட்டா சுட்டேன், நூறும் வெடித்தன. கடைசி எட்டு ஓட்டையையும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயால் மூடிவிடலாம். ரிவால்வரைப் பிளம்பர் அம்மாளிடம் கொடுத்தேன். எட்டும் சுட்டாள். திருப்பித் தரும்போது, "எவ்வளவுக்கு விற்பாய்?" என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை அந்தக் காகித இலக்கைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மனைவி மறுநாளே கிழித்தாள்.

அந்தத் தலைகால் புரியாத நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் இந்தப் பூஜையை விட்டதில்லை. வரவேற்பறை மேசையில் சரஸ்வதி படம் வைத்து, மனைவியின் ஸ்டெதாஸ்கோப், என் லேப்டாப், கார் சாவி, துளை போடும் மெஷின், மிக்ஸி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அன்று நான் இரும்புப் பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுத்து வந்தேன்.

"துப்பாக்கியெல்லாம் எதுக்குங்க சாமிகிட்ட?" என்றாள் மனைவி. "புக்கெகோஹிக்காரங்க வேற வர்றாங்க."

"வருஷா வருஷம் வாக்யூம் கிளீனருக்குப் பொட்டு வைச்சோம். இப்பதான் நிஜமான ஆயுதம் வந்திருக்கு. இதுக்கு வைக்கலைன்னா எதுக்கு வைக்கிறது?"

இதைப் பெரிய நகைச்சுவையாக நினைத்தேன். பட்டுத் துணியில் கிடத்தி, கைப்பிடியில் ஒரு பொட்டு, தோட்டா போடும் உருளையில் ஒரு பொட்டு. ஊரில் லாரிக்கு வைப்பார்களே, அந்த மாதிரி தாராளமாக வைத்தேன். சட்டத்தை மட்டும் மறக்கவில்லை. கண்பார்வையில் இருக்க வேண்டும் என்பதால் பூஜை முடியும்வரை அந்த மேசைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். எவ்வளவு ஜாக்கிரதையான மனிதன்!

நண்பரும் அவர் மனைவியும் சாயங்காலம் வந்தார்கள். வெங்காயம் வந்தது. பொரியும் சுண்டலும் தட்டில் வந்தன. கற்பூரம் காட்டியபோது அவர் மனைவி கும்பிட்டுக் கண்ணைத் திறந்து மேசையைப் பார்த்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"உண்மையானதோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் நான் கேட்டது ஆர்வம் மட்டும்தான். என் ரிவால்வரைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது. "நிஜம்தான் தங்கச்சி! உங்க வீட்டுக்காரர்தான் எனக்கு சர்டிபிகேட் குடுத்தாரு, தெரியாதா? அவர் நல்லவன்னு சொன்னதாலதான் இதெல்லாம் கிடைச்சுது" என்றேன்.

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். நண்பர் சுண்டல் தட்டைப் பார்த்தார். அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள், நான் ஆடினேன். ரிவால்வரை எடுத்தேன், உருளையைத் திறந்து மஞ்சள் பிளாஸ்டிக்குகளைக் காட்டினேன், "பாருங்க, காலி" என்றேன். மூடினேன். "முன்னாடி இதை இழுக்கவே முடியாது. இப்ப எவ்வளவு இலேசா இருக்கு கேளுங்க" என்று சுவரைப் பார்த்துப் பிடித்து இழுத்தேன். டிக். திருப்தியாகாமல் இன்னும் இரண்டு தடவை. டிக். டிக்.

ரேஞ்சில் யாராவது இப்படிச் செய்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த விதி எனக்குத் தூக்கத்திலும் தெரியும். சொந்த வீட்டில், சாமி முன்னால், விருந்தாளிக்கு முன்னால் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நண்பரின் மனைவி கையிலிருந்த தட்டை மெதுவாகத் தரையில் வைத்தார், மேசை பக்கத்திலேயே இருந்தும். பிறகு வெளியே போய்க் காரில் ஏறிக்கொண்டார். நண்பர், "அவவுக்குத் தலையிடி அண்ணை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். என் மனைவி சுண்டலை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் கார் தெருவைத் திரும்பிவிட்டது.

அதன்பிறகு போன் எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளுக்குப் பதிலில்லை. சரி, துப்பாக்கி என்றால் சிலருக்குப் பயம், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண்ணைப் பற்றி நான் நினைத்தது இவ்வளவுதான். ஒன்பது வருடமாக அவர்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருக்கிறேன். இங்கே எப்போது வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன், எப்படி வந்தீர்கள் என்று கேட்டதில்லை. அவர்களாகச் சொல்லாததைக் கேட்காமலிருப்பது நாகரிகம் என்பது என் எண்ணம். உண்மையில் சோம்பேறித்தனம்.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். உருளையில் எட்டுத் தோட்டாவைப் போட்டு மூடினால் அது சுழல மறுத்தது. நூறு தோட்டா பிசகாமல் சுட்ட அதே துப்பாக்கி, பாதியில் இறுகி நின்றது. பிளம்பர் அம்மாள் தோட்டாக்களை எடுக்கச் சொல்லி, உள்ளே நட்சத்திரம் போல இருக்கும் தோட்டாவைத் தள்ளும் தகட்டை உயர்த்தி, அதன் அடியில் பழைய பல் துலக்கியால் துடைத்தாள். பிரஷ் சிவப்பாக வந்தது. காய்ந்த சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு குழைந்து கட்டியாக ஒட்டியிருந்தன.

"இது என்ன?" என்றாள்.

கருவிகளைக் கும்பிடும் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தன் குழாய்முடுக்கிக்கும் ஒரு பொட்டு வைத்துவிடச் சொன்னாள். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மாதம் கதை விட்டிருப்பேன். அன்று ஒரு தோட்டாகூடச் சுடாமல் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டியில் உட்கார்ந்தபோதுதான், நண்பரின் மனைவி தட்டைத் தரையில் வைத்தது நினைவுக்கு வந்தது. நான் நின்ற மேசைப் பக்கம் கை நீட்ட முடியாமல் வைத்திருக்கிறார்.

நவம்பரில் ரிவால்வரை ஆயுத வியாபாரியிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கெகோஹிக்கு ஓட்டினேன். மனைவி வரவில்லை. "நீங்க செஞ்சது, நீங்க போங்க" என்றாள். சாலையின் இருபுறமும் வெங்காய வயல்கள். போகும் வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன்.

நண்பர்தான் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார், அண்ணை என்று சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். ரசீதை எடுத்து வைத்தேன்.

"வித்துட்டேங்க" என்றேன். "இனிமே அது வீட்ல இல்ல."

"அது உங்கட விருப்பம்" என்றார் நண்பர். "பிழை என்னிலயும் இருக்கு. அவவிட்டச் சொல்லாமல் பேர் குடுத்தனான். அதை நான்தான் சொல்லியிருக்க வேணும். நீங்கள் சொல்லி அவ கேட்டிருக்கக் கூடாது. இந்த வீட்டில நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மாசம் கதைக்கேல்லை."

அவர் மனைவி உள்ளே இருந்து வந்தார். எனக்கு எதிரில் உட்கார்ந்தார். ரசீதைப் பார்க்கவில்லை.

"நீங்கள் வித்ததுக்கு எனக்கு என்ன அண்ணை?" என்றார். குரலில் கோபமில்லை. பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "எனக்கு ஒரு தம்பி. அப்ப அவனுக்குப் பதினேழு வயசு. எங்கட வீட்டு முத்தத்தில முழங்காலில இருத்தி, ஒருத்தன் பிஸ்டலை நெத்தியில வைச்சவன். எந்தப் பக்கத்து ஆள் எண்டு நான் சொல்லப் போறதில்லை, ரெண்டு பக்கமும் ஒண்டுதான். அமத்தினான், டிக். காலி. திரும்பவும் அமத்தினான். நாங்கள் எண்ணிக்கொண்டு நிண்டனாங்கள். எப்ப காலியில்லாமல் போகும் எண்டு தெரியாது. கடைசிவரைக்கும் காலிதான். விளையாட்டுக்குச் செய்திட்டுப் போயிட்டான்."

மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ சொன்னேன்.

"தம்பி இப்ப கனடாவில. ரெண்டு பிள்ளையள். அவன்ர வீட்டில தலையை அமத்தி எழுதுற பேனை ஒண்டும் இல்லை. மூடி போட்ட பேனைதான். பிள்ளையள் பள்ளிக்கூடத்தில இருந்து கொண்டுவந்தாலும் எறிஞ்சுபோடுவான்." ரசீதை என் பக்கமே நகர்த்தினார். "உங்களுக்கு இது தெரியாது, நான் உங்களைப் பிழை சொல்லேல்லை. துவக்கு வைச்சிருந்ததுக்கும் இல்லை, அமத்தினதுக்கும் இல்லை. ஆனால் நீங்கள் அமத்திப்போட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சீங்கள். அவனும் அப்பிடித்தான் எங்களைப் பார்த்துச் சிரிச்சவன். அதுதான் இனி உங்கட முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் கிடக்கு."

நண்பர் வாசல்வரை வந்தார். கை கொடுத்தார். அதன்பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

வண்டி ஓட்டும்போது அந்தச் சாயங்காலத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். மஞ்சள் பிளாஸ்டிக்கைக் காட்டியது நினைவிருந்தது, சுவரைப் பார்த்துப் பிடித்தது நினைவிருந்தது, மூன்று டிக்கும் தனித்தனியாக நினைவிருந்தன. சிரித்ததாக மட்டும் எனக்கு நினைவே இல்லை. பதற்றத்தில் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கும், பழையதும் புதியதும் கலந்துபோயிருக்கும் என்று மெல்ல ஒரு சமாதானம் உருவாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "ஆமா, சிரிச்சீங்க" என்றாள். "மூணு தடவையும்."